நவம்பர் மாதத்து மடு

பல்கலைக்கழகத்தில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு இப்போது கியாரா தலைமை தாங்குகிறார். நான் அங்கே சேர்ந்தபோது அவர் மாணவி. இந்த வருடம் ஈஸ்டர் கழிந்த கையோடு எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஆபிரிக்கக் காட்டில் அப்போது நாங்கள் கட்டியது போன்ற தானியங்கிக் கமராக்களின் படங்களை இனிமேல் கணினியே பார்த்துப் பிரித்துவிடுமாம். இது யானை, இது எருமை, இது வெறும் புல் என்று அதுவே பெயர் போட்டுவிடுமாம். மனிதர் கண்ணால் பார்த்த காலம் எப்படி இருந்தது என்று புதிய மாணவர்களுக்கு ஒருமுறை வந்து சொல்லுங்கள் என்றார்.

போனேன். அரை மணி நேரம் பேசினேன். முடிவில் ஒரு மாணவி எழுந்து, "இத்தனை வருடத்தில் உங்களால் மறக்க முடியாத படம் எது?" என்று கேட்டாள். மழைக்கு ஒதுங்கிய சிறுத்தை ஒன்று கமராவின் கண்ணாடியை நக்கிய படத்தைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். பலேர்மோவின் பல்லரோச் சந்தை வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு மனம் சரியில்லை. அந்தப் பிள்ளை கேட்டதற்கு உண்மையான பதில் வேறு. அதை அரை மணி நேரத்தில், அதுவும் இத்தாலியத்தில், என்னால் சொல்லியிருக்க முடியாது. இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவன். படிப்பு முடிந்த நேரத்தில் நாட்டில் வேலை செய்யும் நிலைமை இருக்கவில்லை. பலேர்மோவுக்கு வந்து, வந்த எல்லோரையும் போல வீட்டு வேலைக்குப் போனேன். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய பெரிய வீடு. அங்கே நடக்க முடியாத ஒரு வயதான அம்மாவை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்வது என் வேலை. அவருடைய மகள்தான் பேராசிரியர் நுன்சியா. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயைப் பார்க்க வருவார். ஒரு ஞாயிறு, சிஞ்ஞோரா தூங்கிய நேரத்தில், அலுமாரியில் இருந்த பாலூட்டிகளின் பல்லமைப்புப் புத்தகத்தை எடுத்து நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுவிட்டார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு வேறு எதுவும் கதைக்கவில்லை. சில வருடம் கழித்து ஆய்வுக்கூடத்தில் ஒரு தொழில்நுட்பப் பணியிடம் வந்தபோது விண்ணப்பப் படிவத்தை அவரே கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். ஓய்வு பெறும் வரை அந்த வேலையில்தான் இருந்தேன். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்கும்போது தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அதிகாரியும் நானும் ஒவ்வொரு முறையும் குழம்புவோம்.

எங்கள் ஆய்வு தான்சானியாவின் தெற்கே, ஒரு பெரிய ஆறு ஓடும் பாதுகாக்கப்பட்ட காட்டில் நடந்தது. மழைக்காலத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப அங்குள்ள பெரிய விலங்குகள் எங்கே போகின்றன, எங்கே ஒதுங்குகின்றன, எப்போது குட்டி போடுகின்றன என்பதுதான் கேள்வி. நீர்நிலைகளிலும் விலங்குத் தடங்களிலும் கமராக்களைக் கட்டியிருந்தோம். முன்னால் ஏதாவது அசைந்தால் கமரா தானாகப் படம் பிடிக்கும். அங்கிருக்கும் களப் பணியாளர் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கமராவிடமும் போய், இடத்தின் பெயரையும் திகதியையும் எழுதிய சிலேட்டை அதன் முன்னால் பிடித்து ஒரு படம் எடுக்க வைத்துவிட்டு, மெமரி கார்டைக் கழற்றிப் புதிதைப் போட வேண்டும். கழற்றிய கார்டுகள் ஜீப்பிலும் பஸ்ஸிலும் தபாலிலும் பயணம் செய்து பலேர்மோவுக்கு வந்து சேர மாதக் கணக்காகும். நான் அவற்றைத் திறந்து, ஒவ்வொரு படத்திலும் என்ன விலங்கு, எத்தனை, ஆணா பெண்ணா, குட்டி உண்டா, உடல் நலிந்திருக்கிறதா என்று குறிப்பேன்.

இதனால் என் வருடம் எப்போதும் பிசகியே ஓடியது. பலேர்மோவில் பெப்ரவரிக் கார்னிவல் மழை பெய்துகொண்டிருக்கும். என் திரையில் ஒக்டோபர் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நான் எதைக் கண்டாலும் அது நடந்து முடிந்ததாகவே இருக்கும். தாகத்தில் தள்ளாடும் ஒரு எருமைக் கன்றைப் பார்க்கும்போது, அது இந்நேரம் பிழைத்துப் புல் மேய்கிறதா, எலும்பாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஊரில் போர் நடந்த காலத்தில் கடிதங்கள் வந்து சேர்ந்த விதமும் இப்படித்தான். அதனால் அந்த உணர்வு எனக்குப் புதிதல்ல, ஆனால் பழகவும் இல்லை.

மழைக்காலத்தில் காடு முழுக்க விலங்கு இருக்கும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். படத்தில் பார்த்தால் எதிர்மாறு. மழை தொடங்கியதும் குன்றுப் பக்கம் எங்கும் தண்ணீர், எங்கும் இளம் புல். யானைகள் ஆற்றை விட்டு ஏறிப் போய்விடும். எருமைக் கூட்டம் சிறு சிறு குழுக்களாகச் சிதறும். மான்கள் மறைவுகளில் குட்டி போடும். ஆற்றோரக் கமராக்களில் காற்றில் ஆடும் புல்லைத் தவிர ஒன்றும் இராது. நாள் முழுக்கப் புல்லைப் பார்த்துக் கண் பூத்துப்போகும். வறட்சி தொடங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். குன்றுகளில் உள்ள சுனைகள் வற்ற வற்ற, ஆற்றங்கரையில் நெருக்கம் கூடும். செப்டெம்பர் வந்தால் யானைகள் காய்ந்த மணலில் தும்பிக்கையாலும் காலாலும் கிணறு தோண்டும். பெரிய யானை குடித்து முடியும் வரை மற்றவை பின்னால் வரிசையாக நிற்கும். யானைகள் போன பிறகு அதே குழியில் வரிக்குதிரையும் மானும் குடிக்கும். நவம்பரில் படங்கள் நிரம்பி வழியும். விலங்குகளுக்கு மிகவும் கெட்ட காலம்தான் எங்களுக்கு நல்ல அறுவடைக் காலம்.

பேராசிரியர் நுன்சியா மெல்லிய குரல் உள்ளவர். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று திரையைப் பார்ப்பார், ஒருநாளும் திரையை விரலால் தொட மாட்டார். நான் அவசரப்பட்டு ஏதாவது முடிவு சொன்னால், "அடுத்த படத்தையும் பாருங்கள் சிவா" என்பார். மந்தரீனோத் தோடம்பழக் காலத்தில் சட்டைப் பைக்குள் இருந்து ஒன்றை எடுத்து, தோல் உரித்து, பாதியை என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். "பாவம்" என்ற சொல் அவர் வாயில் வராது. குட்டியை இழந்த யானை ஒன்று அதே இடத்தில் நிற்கும் படங்களைக் காட்டி நான் ஒருமுறை அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன். "அது நமக்குத் தோன்றுவது. படத்தில் இருப்பது, ஒரு பெண் யானை, நின்ற இடத்தில் நிற்கிறது" என்றார். கல்நெஞ்சம் என்று அப்போது நினைத்தேன். அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதையும் பார்த்தேன்.

வருடா வருடம் யூலை கடைசியில் அவர் அந்தக் காட்டுக்குப் போவார். ஓகஸ்ட் முழுவதும் அங்கே நிற்பார். பல்கலைக்கழகம் மூடியிருக்கும் காலம் அதுதான். பலேர்மோ முழுவதும் மொண்டெல்லோக் கடற்கரையில் கிடக்க, என் மனைவி வதனியும் அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலையில் நிற்க, அவர் தூசியில் நின்று கமராக் கட்டுவார். என்னை ஒருமுறையும் அனுப்ப முடியவில்லை. என் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பயணம் இல்லை, அதை மாற்ற அவர் எடுத்த முயற்சியும் சரிவரவில்லை.

அங்கே எங்கள் களப் பணியாளர் யோனா. முதலில் எனக்கு அவர் ஒரு கை மட்டுமே. சிலேட்டைப் பிடித்த கை, பெருவிரலில் ஒரு தழும்பு. பிறகு முகம் தெரிந்தது. பலேர்மோவில் படங்களைப் பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று பேராசிரியர் சொல்லியிருக்க வேண்டும், சிலேட்டில் திகதிக்குக் கீழே "சிவா, நலமா?" என்று சோக் கட்டியால் எழுதத் தொடங்கினார். நான் குறுஞ்செய்தியில் பதில் அனுப்புவேன். அவர் முகாமுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால்தான் தொடர்பு கிடைக்கும். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். இத்தனை காலத்தின் பின் அவர் சொன்னதெல்லாம் எங்கள் பேச்சுத் தமிழாகவே என் காதில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

இனி அந்த நவம்பரைச் சொல்ல வேண்டும்.

அந்த ஆற்றின் மேற்பகுதியில், காட்டின் எல்லைக்கு வெளியே, நெல் வயல்கள் பெருகிக்கொண்டிருந்தன. வறட்சிக் காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால்களில் திரும்பிவிடும். அதனால் காட்டுக்குள் ஆறு ஓட்டத்தை நிறுத்தி, ஆங்காங்கே மடுக்களாகத் தேங்கும். நீர்யானைகளுக்கு இதைப் போல ஆபத்து வேறில்லை. அவற்றின் தோல் வெயிலைத் தாங்காது. பகல் முழுவதும் நீரில் கிடந்து, பொழுது பட்ட பிறகு கரையேறி மேய்ந்துவிட்டு, விடியுமுன் திரும்பி வரும். மடு சுருங்கினால் ஒன்றின் மேல் ஒன்று நெருங்கிக் கிடக்கும், கடிபடும். சுற்றியுள்ள புல் முடிந்துவிட்டால் வயிற்றுக்கும் ஒன்றுமில்லை.

எங்கள் கமரா ஒன்று இருந்த மடு அந்த வருடம் மிக வேகமாகச் சுருங்கியது. மழை வர வேண்டிய காலம் கடந்துகொண்டிருந்தது. யோனா வேலை நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மேடு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சிவா, மடுவில தண்ணி இல்லை, சேறுதான் கிடக்கு. பட்டப்பகலில மேயுதுகள். நேற்று ஒண்டு என்னைக் கண்டும் ஓடேல்லை. பேராசிரியரோட கதைக்க வேணும்."

பேராசிரியர் வகுப்பு முடித்து வந்து நின்றார். கைகளில் இன்னும் சோக் தூள். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், தொலைபேசியில் கதைக்க வராது. ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

யோனா கேட்டது இதுதான். முகாமில் ஒரு குழாய்க்கிணறும் பெற்றோலில் ஓடும் நீர்ப்பம்பியும் இருந்தன. மடு வரைக்கும் குழாய் போடலாம். மழை வரும் வரைக்கும் தண்ணீர் விடலாம். காட்டு அதிகாரியிடம் கேட்டாயிற்று, அது உங்கள் ஆய்வு நிலையம், உங்கள் பேராசிரியர் சம்மதித்தால் எங்களுக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டார்.

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "சுற்றிவரப் புல் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார்.

"இல்லை. வெறும் நிலம்."

"கீழே பள்ளத்தாக்கில் உள்ள ஆழமான மடு?"

"அதில தண்ணி இருக்கு. தூரம். நடக்கக்கூடிய சிலது ஏற்கெனவே போயிட்டுது."

அவர் சன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். "அப்படியென்றால் தண்ணீர் விட வேண்டாம்" என்றார். "தண்ணீர் இருந்தால் மற்றவையும் போகாமல் அங்கேயே நிற்கும். எருமையும் யானையும் அந்தத் தண்ணீருக்கு வந்து மிச்சமிருக்கும் சருகையும் தின்றுவிடும். தாகத்தில் சாக வேண்டியவை பசியில் சாகும், அவ்வளவுதான். இப்போதே பலம் இருக்கும்போது பள்ளத்தாக்குக்கு நடக்கட்டும்." இன்னும் மெதுவாக, "அதோடு, நாம் கையை வைத்துவிட்டால் அந்த இடத்தில் எடுத்த இத்தனை வருடத் தரவும் பயன்படாது" என்றார்.

முதலில் சொன்னதை மொழிபெயர்த்தேன். கடைசியாகச் சொன்னது என் வாயில் வரவில்லை. ஆனால் யோனாவே கேட்டார்.

"ஆய்வு பழுதாகிப் போகும் எண்டும் சொல்லுறாவோ?"

"ஓம்" என்றேன்.

"குட்டி வைச்சிருக்கிற தாய்மார் பள்ளத்தாக்குக்கு நடக்காயினம். அதை அவவுக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். பேராசிரியர் தலையை ஆட்டினார். அது தனக்குத் தெரியும் என்பது போல இருந்தது. "வேண்டாம் என்று சொல்லுங்கள் சிவா. தயவுசெய்து." அந்தத் தயவுசெய்து யாருக்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சொன்னேன். அந்த மேட்டில் அடித்த காற்று மட்டும் கேட்டது. "விளங்குது" என்றுவிட்டு யோனா தொடர்பைத் துண்டித்தார்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. வதனி என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"நீங்கள் என்னப்பா செய்யிறது, அவ சொன்னதைச் சொன்னனீங்கள்" என்றாள். பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே, "அந்த மனிசன் தனிய நிண்டு பாக்கப் போகுது, என்ன?" என்றாள்.

அந்தப் படங்கள் வந்து சேரும்போது பலேர்மோவில் பாதாம் மரங்கள் பூத்துவிட்டன. கார்டைத் திறந்தேன். கடைசிப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். சிலேட், யோனாவின் கை. திகதி மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை.

தொடக்கத்துக்குப் போய், மடுவில் நீல நிறம் குறைந்து பச்சையாகி, பச்சை சாம்பலாகி, பிறகு சேற்றில் வெடிப்பு விழுவதைப் படம் படமாகப் பார்த்தேன். நீர்யானைகளின் முதுகில் சேறு காய்ந்து ஓடு ஓடாக உரிந்து நின்றது. விலா எலும்பு தெரியும் நீர்யானையை அதற்கு முன் நான் கண்டதில்லை. பட்டப்பகலில் வெறும் மண்ணை முகர்ந்துகொண்டு நடந்தன. சில மட்டும், திரும்பி வராத ஊர்வலம் போல, பள்ளத்தாக்குப் பக்கம் போயின. பேராசிரியர் சொன்னபடி அவை போயின. யோனா சொன்னபடி தாய்மார் போகவில்லை.

பிறகு யோனா வரத் தொடங்கினார். கார்டு மாற்றும் நாளாக இல்லாத நாட்களில், சிலேட் இல்லாமல் வந்தார். முதலில் கரையில் குந்தி இருந்தார். அடுத்த தடவை உழவு இயந்திரமும் கயிறும் கொண்டுவந்தார். செத்துக் கிடந்தவற்றின் காலில் கயிறு கட்டி மடுவை விட்டு இழுத்தார். உயிரோடு இருந்தவை அந்த இடத்துக்குள் நகர்ந்து, மிச்சமிருந்த ஈரத்தில் உடம்பைப் புதைத்தன. அவர் திரும்பத் திரும்ப வந்தார். கயிற்றைக் கட்டும்போது உயிருள்ள தாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு மிக அருகில் நிற்கும் படம் ஒன்று உண்டு. அவர் ஓடவில்லை. அதுவும் பாயவில்லை. இரண்டு பேருக்கும் அதற்குப் பலம் இருக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த மாணவி கேட்டாளே, அந்தப் படம் இதுதான்.

இறுதியாகக் கமராவின் கண்ணாடியில் ஒரு துளி. அடுத்த படத்தில் எல்லாம் சாம்பல் நிறம். அதற்கு அடுத்ததில் ஆறு.

எங்கள் விதிப்படி, மனிதர் தெரியும் படங்களுக்கு "இடையூறு" என்று குறியிட வேண்டும். அந்தப் படங்களும், அவற்றுக்கு முன்னும் பின்னும் குறித்த நேரத்துக்குள் எடுத்த படங்களும் கணக்கில் சேரா. ஆள் நின்றால் விலங்கின் நடத்தை மாறிவிடும் என்பதால் அது நியாயமான விதி. பேராசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வழக்கம் போலப் பின்னால் வந்து நின்றார். நான் படங்களை நகர்த்தினேன். அந்தத் தாயின் படத்தில் என் கை நின்றது. "அடுத்த படத்தையும் பாருங்கள்" என்று அவர் சொல்லவில்லை.

"இடையூறு என்று போடுங்கள், சிவா. வேறு வழி இல்லை. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "நான் நவம்பரில் அங்கே போனதே இல்லை" என்றார். "இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட. ஒக்டோபர் தொடங்கினால் வகுப்புகள். நான் கண்டதெல்லாம் ஓகஸ்ட். ஓகஸ்டில் ஆற்றில் தண்ணீர் இருக்கும்."

அந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது. மழை பிந்தும் வருடங்களில் விலங்குகள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதை மற்றவர்கள் இன்றும் அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். நல்ல கட்டுரை. யோனா மடுவில் நின்ற நாட்கள் அதில் இல்லை.

அடுத்த வறட்சியில் காட்டு நிர்வாகம் வேறொரு மடுவுக்குத் தானே தண்ணீர் இறைத்தது. அங்கே நீர்யானைகள் நிறைந்த தண்ணீரில் கிடந்து, புல் இல்லாமல் மெலிந்து செத்தன. அந்தப் படங்களும் என்னிடம்தான் வந்தன. தான் சொன்னது சரியாகிவிட்டது என்று பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடமே விடுப்புக் கேட்டு எழுதினார், நவம்பரில் போவதற்கு. விடுப்பும் கிடைத்தது, பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. பயணத்துக்கு முன் பகேரியாவில் சிஞ்ஞோரா கட்டிலால் விழுந்தார். தாயின் பக்கத்தில் இருந்த மாதங்களில் மகளுக்கே உடம்பு சரியில்லாமல் போனது. ஆய்வுக்கான நிதி முடிந்தது. யோனாவின் வேலையும் அதோடு முடிந்தது. பேராசிரியர் தாய்க்குப் பின் அதிக காலம் இருக்கவில்லை. அடக்கத்தன்று தேவாலயத்தில் கியாரா அழுதார். நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து அந்த மெல்லிய குரலை நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் யோனாவைப் பற்றி இன்னொரு தடவை கதைத்திருக்கலாம். இருவருமே அதைத் தொடாமல் மந்தரீனோவைப் பாதியாகப் பிரித்துத் தின்றுகொண்டே வருடங்களைக் கழித்துவிட்டோம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் அங்கே போக ஆசைப்பட்டேன். மகள் துளசி பயணத்தை ஒழுங்கு செய்தாள். "பப்பா, நவம்பர்ல எனக்கு ஃபெரியே இல்லை, லீவு தரமாட்டினம். மார்ச்ல போவம், சீட்டும் மலிவு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள். தனியாகப் போகும் உடம்பு எனக்கு இல்லை. ஓம் என்றேன்.

மார்ச் அங்கே மழைக்காலத்தின் நடு. பாதிப் பாதைகள் சேற்றில் மூடிக் கிடந்தன. யோனா நகரத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப் போனார். தலை நரைத்திருந்தது. பெருவிரலில் அந்தத் தழும்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

காட்டுக்குள் ஆள் உயரப் புல். ஒரு யானை இல்லை, எருமை இல்லை. வதனி சன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக் களைத்துப் போனாள்.

"இதுக்கே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? புல்லைத் தவிர ஒண்டையும் காணேல்லை."

"எல்லாம் மேல குன்றுப் பக்கம் போட்டுது" என்றேன். "இப்ப அதுகளுக்கு நல்ல காலம்."

மடு இருந்த இடத்துக்கு யோனா கூட்டிப்போனார். அங்கே மடு இல்லை. கரைக்குக் கரை மண்ணிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. அந்த இடத்தின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும், ஒன்றையும் அடையாளம் காண முடியவில்லை. யோனா ஆற்றின் நடுவைக் கையால் காட்டினார். அங்கேதான் என்றார்.

"பேராசிரியரில உங்களுக்குக் கோபமோ?" என்று நான் கேட்டேன். அத்தனை வருடம் வைத்திருந்த கேள்வி.

அவர் யோசித்துத்தான் சொன்னார். "அவ சொன்னது சரி. அடுத்த வருசம் நான் கண்ணால கண்டனான். தண்ணி விட்டிருந்தாலும் செத்திருக்கும்." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "ஆனா அவ வந்து, கரையில என்னோட நிண்டு, அதுகளைப் பாத்துப்போட்டு வேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம்."

பேராசிரியர் விடுப்பு எடுத்ததையும், பயணச்சீட்டு எடுத்ததையும், சிஞ்ஞோரா விழுந்ததையும் சொன்னேன். யோனாவுக்கு அது தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனோம். காட்டுக்கு வெளியே, ஆற்றின் மேற்பகுதியில், கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். எங்கள் வேலை நின்றுபோன பிறகு அவருக்குக் கிடைத்த வேலை அங்கேதான். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பும் மதகின் காவலாளி. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், மூத்தவள் தாதியாகப் போகிறாள். மதகை எனக்குக் காட்டினார். இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால் பலகை ஏறும், இறங்கும். நான் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன், கனமாக இருந்தது.

"வறட்சியில முழுத் தண்ணியும் வயலுக்குத்தானோ?"

"முழுக்க. நவம்பரில நான் சில நாளைக்கு ஆத்துப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து விடுவன். வயல் செய்யிற கமக்காரர் வந்து சத்தம் போடுவினம். திரும்ப மூடுவன்."

"அந்தத் தண்ணி மடு மட்டும் போகுமோ?"

"போகாது. நடுவில மணல் குடிச்சிடும்."

"பிறகு ஏன் திறக்கிறனீங்கள்?"

யோனா சக்கரத்தில் இருந்த சேற்றைக் கையால் வழித்துவிட்டார். வீட்டிலிருந்து அவர் மனைவி சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டார். சோறு ஆவி பறந்தது. அந்த வயலின் அரிசிதான். வதனி நல்ல ருசி என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். யோனா என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.